இரண்டு லேப், இரண்டு ரிப்போர்ட்: விந்துப் பரிசோதனையில் எதை நம்புவது?

கேள்வி, சுருக்கமாக: வயது 32. உசிலம்பட்டி பக்கம் கிராமம். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று, குறை இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு எடுத்தோம். ஏப்ரல் ரிப்போர்ட்: அளவு 1.2 மில்லி, கவுன்ட் 11 மில்லியன், ஆக்டிவ் 25%, மந்தம் 15%, டெட் 60%, நார்மல் வடிவம் 70%, பஸ் செல் (சீழ் அணு) 8–10. ஜூன் கடைசியில் வேறு லேபில்: 2.6 மில்லி, 34 மில்லியன், முன்னேறும் அசைவு 38%, நின்ற இடத்தில் அசைவது 8%, நார்மல் வடிவம் 3%, ரவுண்டு செல் 2 மில்லியன். எது உண்மை? நேராக இக்சி (ஒரு உயிரணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யலாம், அதற்கு முன் டி.என்.ஏ. ஃப்ராக்மென்டேஷன் டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். தேவையா? முதல் சாம்பிளை வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனேன், கொஞ்சம் சிந்திவிட்டது. பிப்ரவரி கடைசியில் டைபாய்டில் பத்து நாள் படுத்திருந்தேன்.

பதில்:

தம்பி, போகிற போக்கில் கடைசியாக இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. டெக்னீசியன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் விந்துப் பரிசோதனை லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவன். டாக்டர் இல்லை. அதனால் வைத்தியம் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பிறக்கிறது என்று சொல்வேன். அது தெரிந்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம்.

சர்க்கரை டெஸ்ட்டில் ரத்தத்தை மெஷினில் வைத்தால் எண் வருகிறது. விந்துப் பரிசோதனை அப்படி இல்லை. இன்றும் பெரும்பாலும் ஒரு ஆள் கண்ணால் பார்த்து, கையால் எண்ணும் வேலைதான். 1677-ல் டச்சுக்காரர் லேவன்ஹூக் விந்தின் உயிரணுவைப் பார்த்ததும் கண்ணால்தான், நான் பார்த்ததும் கண்ணால்தான். ஆகவே எண்ணிய ஆள் எத்தனை எண்ணினார், எப்போது எண்ணினார், எந்தச் சூட்டில் எண்ணினார் என்பதைப் பொறுத்து ஒரே சாம்பிளுக்கே வேறு வேறு ரிப்போர்ட் வரும். உங்களுடையது ஒரே சாம்பிளும் இல்லை. பதினோரு வாரம் இடைவெளி விட்ட இரண்டு சாம்பிள்.

பஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன். உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வீட்டிலிருந்து மெயின் ரோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ, லேபில் டோக்கன். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம். வீட்டில் எடுத்தால் அரை மணிக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அசைவைப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. வழியில் 20 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 37-ஐத் தாண்டவும் கூடாது. ஏப்ரல் மாத மதுரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்து ஐஸ் பையோடு வந்தவரும் உண்டு. கெட்டுப்போகக் கூடாதே என்று பால் பாக்கெட்டைப் போல நினைத்துவிட்டார், பாவம். இரண்டிலும் அசைவு போய்விடும். எண்ணிக்கை மாறாது, அசைவு மாறும். உங்கள் ஏப்ரல் ரிப்போர்ட்டின் 25% என்பதில் உங்கள் பங்கு எவ்வளவு, பஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சிந்தியது அதைவிட முக்கியம். விந்து ஒரே கலவையாக வெளிவருவதில்லை. முதலில் வரும் பகுதியில் புராஸ்டேட் நீரும் பெரும்பாலான உயிரணுக்களும் இருக்கும். பின்னால் வருவது செமினல் வெசிக்கிள் என்ற பையிலிருந்து வரும் நீர். அதில் உயிரணு குறைவு. முதல் பகுதி சிந்தியிருந்தால் அளவு கொஞ்சம்தான் குறையும், கவுன்ட் நிறையக் குறையும். கடைசிப் பகுதி சிந்தினால் பாதகம் குறைவு. நல்ல லேபில் “முழுவதும் டப்பாவில் விழுந்ததா?” என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கொண்டுவருவதற்கு முக்கியக் காரணமே லேபில் இருக்கும் இடம்தான். பல இடங்களில் சாம்பிள் எடுக்கத் தனி அறை கிடையாது, பொதுக் கழிப்பறையைக் காட்டுவார்கள். வெளியே வரிசையில் நிற்கும் பாட்டி கதவைத் தட்டுவார். கவுன்டரில் இருக்கும் பெண் “சாம்பிள் குடுக்க வந்தவங்க யாரு?” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். இந்த நிலைமையில் ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும்? தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை போதும். அது இல்லாத லேபில் எவ்வளவு விலை உயர்ந்த மைக்ராஸ்கோப் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, கவுன்ட்டுக்கு வருவோம். சாம்பிள் வந்ததும் 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். வெளியே வந்த உடனே விந்து கூழ்போல உறைந்துவிடும்; புராஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு நொதி அதை 15 முதல் 30 நிமிடத்தில் நீர்க்க வைக்கும். அதற்கு முன் எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டில் உயிரணு கூட்டமாக இருக்கும், அடுத்த சொட்டில் இருக்காது. அளவை எடைபோட்டுப் பார்ப்பது உத்தமம்: காலி டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு 1 கிராமுக்கு 1 மில்லி என்று கணக்கு. சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும்.

பிறகு சாம்பிளில் ஒரு பங்குக்கு 19 பங்கு திரவம் சேர்த்து நீர்க்க வைப்போம். அந்தத் திரவம் உயிரணுவை அசையாமல் நிறுத்திவிடும், ஓடுகிறதை எண்ண முடியாதே. நியூபாவர் சேம்பர் என்று ஒரு கண்ணாடி. ரத்த அணு எண்ணுவதும் இதில்தான். நடுவில் 1 மில்லிமீட்டர் நீள அகலமுள்ள சதுரம், அதற்குள் 25 கட்டம், ஆழம் 0.1 மில்லிமீட்டர். சொட்டு விட்டதும் எண்ணத் தொடங்கக் கூடாது. ஈரப்பதமுள்ள டப்பாவில் சில நிமிடம் மூடி வைத்தால்தான் உயிரணுக்கள் அடியில் படியும். 25 கட்டத்திலும் 170 உயிரணு இருந்தால் கணக்கு 34 மில்லியன் என்று வரும். உங்கள் ஜூன் எண் அது. 1 மில்லியன் என்றால் 10 லட்சம். அத்தனையும் ஒரே ஒரு மில்லிக்குள்.

இப்போது ஏப்ரல் எண்ணைப் பாருங்கள். சில லேப்களில் நேரம் மிச்சம் பிடிக்க 25 கட்டத்தில் 5 கட்டத்தை மட்டும் எண்ணுவார்கள். ரத்த சிவப்பணு எண்ணும் பழக்கம் அது, அங்கே சரி, ஏனென்றால் அங்கே ஐந்து கட்டத்திலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். விந்தில் ஐந்து கட்டத்தில் 11 உயிரணு தெரிந்தால் அதே கணக்கில் 11 மில்லியன் என்று ரிப்போர்ட் வரும். உங்கள் லேப் அப்படித்தான் எண்ணியது என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணியிருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசி போட்டு வந்த நெல்லைக் கையில் கொட்டிப் பதர் எவ்வளவு என்று பார்ப்பாரே, கையில் பதினோரு நெல் மட்டும் வந்தால் அதை வைத்து மூட்டைக்கு விலை பேசுவாரா? 11 என்ற எண்ணிக்கையில் இருந்து கிடைக்கும் உண்மையான கவுன்ட் 5½ மில்லியனாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 20 மில்லியனாகவும் இருக்கலாம். புள்ளியியலின் விதி அது, டெக்னீசியன் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் மாறாது. அதனால்தான் குறைந்தது 200 உயிரணு எண்ண வேண்டும், அப்புறம் இன்னொரு முறை தனியாக நீர்க்க வைத்து மறுபடி 200 எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவது முறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. 400 எண்ணினால் பிழை 5 சதவீதத்துக்கு வரும். ஒரு சாம்பிளுக்கு இதற்கே நேரம் பிடிக்கும். காலையில் முப்பது சாம்பிள் வரிசையில் இருந்தால் எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

எண்ணாமல் பார்வையாலேயே போட்ட ரிப்போர்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா எண்ணும் 0, 5-இல் முடியும். கவுன்ட் 60, ஆக்டிவ் 50, மந்தம் 20, டெட் 30. எண்ணினால் 47, 13 என்றுதான் வரும், இயற்கை அப்படி வட்டமாக அமையாது.

அசைவு பார்க்கும் விதம் வேறு. இதற்கு நீர்க்க வைக்காத சொட்டு. 10 மைக்ரோலிட்டர் எடுத்து 22 மில்லிமீட்டர் சதுரக் கவர்ஸ்லிப்பால் மூடினால் இடையில் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் இருக்கும். அதைவிட மெலிதாக அழுத்திவிட்டால் வால் சுழல இடமில்லாமல் நன்றாக ஓடுவதும் தள்ளாடும். ஏ.சி. அறையில் 22 டிகிரியில் பார்த்தால் வேகம் குறையும். அதனால் மைக்ராஸ்கோப் மேடையை 37 டிகிரிக்குச் சூடாக்கி வைப்பார்கள். மற்றபடி இதில் பெரிய எதிரி நம் கண்தான். ஓடுகிற பொருள்மீதுதான் கண் போகும், சும்மா கிடப்பதை விட்டுவிடும். ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து உள்ளே நீந்தி வருவதையும் சேர்த்து எண்ணிவிடுவோம். அதனால் ஒரு கட்டத்தைப் பார்த்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்ததை முதலில் எண்ணிவிட்டு, அப்புறம் கிடப்பதை எண்ணி, அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

2021-ல் வந்த ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி விநாடிக்கு 25 மைக்ரானுக்கு மேல் போனால் வேகம், 5 முதல் 25 வரை மெதுவான முன்னேற்றம், அதற்குக் கீழே நின்ற இடத்தில் ஆட்டம், அப்புறம் அசையாதது. கம்ப்யூட்டர் வைத்து இதை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. வேகத்தை அளப்பதில் அவை நம்மைவிட உத்தமம். ஆனால் சாம்பிளில் குப்பை இருந்தால் தூசியையும் உயிரணு என்று எண்ணிவிடும். பக்கத்தில் ஆள் வேண்டும்.

“டெட் 60%” என்று முதல் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்களே, அந்த வார்த்தையைப் பார்த்து நீங்கள் எத்தனை நாள் தூங்கவில்லையோ தெரியாது. அசையாதது எல்லாம் செத்தது இல்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க இயோசின்–நிக்ரோசின் சாயம் போட வேண்டும். செத்த உயிரணுவின் தோல் ஓட்டையாகி, சாயம் உள்ளே புகுந்து தலை சிவப்பாகத் தெரியும். உயிருள்ளது கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக நிற்கும். அந்தச் சாயம் போட்டதாக உங்கள் ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. அசையாததை எழுத வேண்டிய இடத்தில் வழக்கமாக அச்சடித்த வார்த்தை “டெட்”, அவ்வளவுதான். எல்லாமே அசையாமல் கிடக்கும் அரிதான சாம்பிள்களில் இந்த டெஸ்ட் ரொம்ப முக்கியம். எல்லாம் செத்திருந்தால் ஒரு கதை, எல்லாம் உயிரோடு இருந்து வால் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் வேறு கதை. பின்னது பிறவியிலேயே வாலின் உள்கட்டமைப்பில் வரும் குறையாக இருக்கலாம். இக்சிக்கு உயிருள்ளதைப் பொறுக்க உப்புச்செறிவு குறைந்த திரவத்தில் விடுவார்கள். உயிருள்ள உயிரணு நீரை உறிஞ்சி வால் சுருண்டுகொள்ளும். அதைச் சாயம் போடாமலே எடுத்துப் பயன்படுத்தலாம்.

அடுத்து உங்களை அதிகம் குழப்பியிருக்கும் விஷயம்: வடிவம் 70% எங்கே, 3% எங்கே? இரண்டு மாதத்தில் அழுகிப்போய்விட்டதா? இல்லை. அளவுகோல் வேறு. பழைய முறையில் பார்த்தவுடன் அலங்கோலமாக, இரட்டைத் தலை, உடைந்த கழுத்து என்று இருப்பதை மட்டும் கழித்துவிட்டு மிச்சம் எல்லாம் நார்மல் என்பார்கள். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க் மருத்துவமனையில் க்ரூகர் குழுவினர் கண்டிப்பான விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தலை சுமார் 4 மைக்ரானுக்குச் சற்று மேல் நீளம், 3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைந்த அகலம், தலையில் 40 முதல் 70 சதவீதம் தொப்பி மாதிரி அக்ரோசோம், கழுத்து நேராக, வால் ஒரே சீராக. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அசாதாரணம் என்று போட்டுவிட வேண்டும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் நிபந்தனை மாதிரி இருக்கும். இந்த விதியில் பார்த்தால் குழந்தை பெற்ற ஆண்களுக்கே நடுவாக 14, 15 என்றுதான் வரும். 4% இருந்தால் போதும்.

உங்களுக்கு 3%. 200 எண்ணினால் 3% என்பது 6 உயிரணு, 4% என்பது 8. இரண்டே உயிரணு வித்தியாசத்துக்கு ரிப்போர்ட்டின் அடியில் வாயில் நுழையாத ஒரு நோய்ப் பெயரை அச்சடித்துத் தந்திருப்பார்கள். அதே ஸ்லைடை நான் மறுநாள் பார்த்தால் 5% என்றும் போடுவேன், 2% என்றும் போடுவேன். தனியாக இந்த ஒரு எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஸ்லைடில் எல்லாமே தொப்பி இல்லாத உருண்டைத் தலையாக இருந்தால்தான் விஷயம் வேறு, முட்டைக்குள் நுழையவே முடியாது. நான் அப்படிப் பார்த்தவை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த 4% மாதிரியான எல்லைகள் எங்கிருந்து வந்தன? மனைவி ஒரு வருடத்துக்குள் கருத்தரித்த ஆண்களின் சாம்பிள்களை எடுத்து, கீழிருந்து 5 சதவீதம் பேர் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தில் கோடு போட்டார்கள். 1999 பதிப்பில் கவுன்ட் 20 மில்லியன் இருக்க வேண்டும் என்றிருந்தது. 2010-ல் 15 ஆனது. 2021-ல் 16. முன்னேறும் அசைவுக்கு 2010-ல் 32%, இப்போது 30%. அளவு 1.4 மில்லி. மொத்த எண்ணிக்கை 39 மில்லியன். கவனியுங்கள், கோட்டுக்குக் கீழே இருக்கும் அந்த 5 சதவீதம் பேரும் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருந்தும் குழந்தை இல்லாதவர்கள் உண்டு. சில லேப் ரிப்போர்ட்களில் இன்னமும் 1999-ன் எல்லைகளைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

உங்கள் ஜூன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2.6-ஐ 34-ஆல் பெருக்கினால் மொத்தம் 88 மில்லியன். அதில் 38% முன்னேறுகிறது, அதாவது 33 மில்லியனுக்கு மேல். ஏப்ரலில் 1.2 பெருக்கல் 11, மொத்தம் 13. ஓடியது 3 மில்லியன் சொச்சம். ஒரு மில்லிக்கு எத்தனை என்பதைவிட இந்த மொத்தக் கணக்குதான் பேசும். ஜூன் எண்ணை மட்டும் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால், உயிரணுவைக் காரணம் காட்டி நேராக இக்சி என்று சொல்வது கஷ்டம். வேறு காரணம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

இப்போது டைபாய்டு. விதைப்பை உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுதான் அது வெளியே தொங்குகிறது. 103, 104 என்று காய்ச்சல் பல நாள் அடித்தால் உற்பத்தி நடக்கும் இடமே வெந்துபோகும். ஒரு உயிரணு உருவாகச் சுமார் 74 நாள், அப்புறம் எபிடிடிமிஸ் குழாயில் பக்குவப்பட ஒன்றிரண்டு வாரம். ஆக மொத்தம் மூன்று மாதம். காய்ச்சல் அடித்த அன்று ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது, ஏற்கனவே தயாரானது வெளியே வரும். சில வாரம் கழித்துத்தான் பள்ளம் தெரியும். பிப்ரவரி கடைசியில் காய்ச்சல், ஏப்ரலில் சாம்பிள்: சரியாகப் பள்ளத்தில் போய் எடுத்திருக்கிறீர்கள். ஜூன் கடைசி என்பது நான்கு மாதம், மேலே ஏறி வந்தாயிற்று. இரண்டு ரிப்போர்ட்டும் அந்தந்த நாளுக்கு ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். காய்ச்சல் இல்லாத ஆளுக்கே வாரத்துக்கு வாரம் கவுன்ட் ஏறி இறங்கும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முத்திரை குத்தக் கூடாது என்பது அதனால்தான்.

அடுப்படியிலேயே நிற்கும் வேலை, நீண்ட தூர லாரி ஓட்டம், விதைப்பையில் ரத்தக்குழாய் புடைப்பு, இவையும் அதே சூட்டுக் கணக்கில் சேரும். புரோட்டா மாஸ்டர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஜிம்முக்குப் போகிறவராக இருந்தால் ஒன்று: உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் கவுன்ட் பூஜ்யத்துக்கே போகும். வெளியிலிருந்து ஹார்மோன் வருகிறதைப் பார்த்து மூளை விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். ஆண் ஹார்மோன்தானே, நல்லது என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பஸ் செல் விஷயத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். சாயம் போடாத சொட்டில் வெள்ளணுவும், முதிராத உயிரணுச் செல்லும் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரியும். இரண்டையும் பஸ் செல் என்று எழுதிவிட, ஆன்டிபயாடிக் பத்து நாள், சரியாகவில்லை என்று இன்னொரு பத்து நாள். பெராக்சிடேஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் வெள்ளணு பழுப்பு நிறமாகும், மற்றது ஆகாது. மில்லிக்கு 1 மில்லியன் வெள்ளணுவைத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். உங்கள் ரவுண்டு செல் 2 மில்லியனில் எத்தனை வெள்ளணு என்று கேளுங்கள். காய்ச்சலால் உற்பத்தி கலைந்திருக்கும் நாட்களில் முதிராத செல்களும் வெளியே வரும்.

உங்களுக்குத் தேவைப்படாத ஒரு விஷயம், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும். ரிப்போர்ட்டில் “உயிரணு இல்லை” என்று வந்தால் அந்த சாம்பிளைச் சுழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். முழு சாம்பிளையும் சென்ட்ரிஃப்யூஜில் 3000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுற்றி, அடியில் படிந்ததைத் துருவித் துருவிப் பார்க்காமல் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. நான் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனிக்கிழமை மத்தியானம், இரண்டு சொட்டு பார்த்துவிட்டு ‘நில்’ என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்த மனிதர் எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். அடியில் நாலைந்து உயிரணு இருந்ததாக அதில் எழுதியிருந்தது. நாலைந்து இருந்தால் இக்சிக்குப் போதும். என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் அந்த எட்டு மாதம் என்னென்ன பேச்சு நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பூஜ்யத்தையும் சுழற்றாமல் எழுதியதில்லை.

நிஜமாகவே பூஜ்யம் என்றாலும் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பார்க்க வேண்டும். இங்கே எனக்குப் பிடித்த பழைய டெஸ்ட் ஒன்று இருக்கிறது, ஃப்ரக்டோஸ். விந்துக்கு இனிப்பைத் தருவது செமினல் வெசிக்கிள். சாம்பிளில் ரிசார்சினால் கலந்த அமிலம் ஊற்றிக் கொதிக்க வைத்தால் இனிப்பு இருக்கும்போது செம்மஞ்சள் நிறம் வரும். வரவில்லை, அளவும் 1 மில்லிக்குக் கீழே, புளிப்புத் தன்மையும் கூட என்றால், வரும் வழியே அடைத்திருக்கிறது அல்லது உயிரணுவைக் கொண்டுவரும் குழாய் பிறவியிலேயே இல்லை. ஒரு சோதனைக் குழாயும் வெந்நீரும் போதும், ஸ்கேன் இல்லாமலே திசை தெரிந்துவிடும். அளவு சரியாக இருந்து உயிரணு மட்டும் இல்லை, உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறியிருக்கிறது என்றால் உற்பத்தியில் கோளாறு. அப்போது குரோமோசோம், ஒய் குரோமோசோமின் விடுபட்ட பகுதிகள் என்று ரத்த டெஸ்ட் போகும்.

டி.என்.ஏ. ஃப்ராக்மென்டேஷன் பற்றிக் கேட்டீர்கள். உயிரணு வெளியே அழகாக ஓடினாலும் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை துண்டுதுண்டாக இருக்கலாம். நம் ஊர்களில் அதிகம் செய்வது ஹேலோ முறை: உயிரணுவை ஜெல்லியில் பதித்து, அமிலம் கொடுத்து, புரதத்தைக் கரைத்துவிட்டால், முழுசாக இருக்கும் டி.என்.ஏ. அம்மனுக்குப் பின்னால் இருக்கும் திருவாசி மாதிரி வட்டமாக விரியும். உடைந்தது விரியாமல் புள்ளியாக நிற்கும். சாயமேற்றி லேசரில் ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் எண்ணும் முறையும் உண்டு, 30% என்ற எல்லை அதிலிருந்து பிரபலமானது. ஒரு முறையின் எல்லையை இன்னொரு முறைக்குப் பொருத்தக் கூடாது, பலர் பொருத்துகிறார்கள்.

நல்ல டெஸ்ட்தான், ஆனால் முதலில் எடுக்கும் டெஸ்ட் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கையேடே இதை அடிப்படைப் பரிசோதனையில் சேர்க்காமல், தேவைப்பட்டால் செய்யும் விரிவான பரிசோதனையில்தான் வைத்திருக்கிறது. கரு திரும்பத் திரும்பக் கலைகிறது என்றால் டாக்டர்கள் கேட்பார்கள், நியாயம். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: காய்ச்சலுக்குப் பிறகு இந்த அளவும் சில மாதம் ஏறும், நாள் கணக்கில் சேர்த்து வைத்துக் கொடுத்த சாம்பிளிலும் ஏறும். நானாக இருந்தால் இன்னொரு சாதாரண ரிப்போர்ட் வரும்வரை இதற்குப் பணம் கட்ட மாட்டேன்.

உங்கள் மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகு உங்களுக்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது வலிக்கும். உங்களுடையதில் ஊசிகூடக் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இது உங்கள் தப்பு மட்டும் இல்லை, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வழக்கமே அப்படித்தான் இருக்கிறது. மாமியார் மருமகளைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவார்.

சரி, மூன்றாவது சாம்பிள் எடுங்கள். செப்டம்பர் கடைசியில் எடுத்தால் ஜூனிலிருந்து மூன்று மாதம் முடிந்திருக்கும். அதற்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் தள்ளிப் போடுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட வேண்டும். மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதே மூன்று நாள் விடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். முன்னாலேயே போன் செய்து தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக் கூடாது, உயிரணு செத்துவிடும். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் என்று போர்டு இருந்தால் விந்துப் பரிசோதனைக்கும் உண்டா என்று கேளுங்கள், அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனி. ரிப்போர்ட் கையில் வந்ததும் கவுன்ட்டைப் பார்க்கும் முன் இரண்டு நேரங்களைப் பாருங்கள்: சாம்பிள் எடுத்த நேரம், பார்த்த நேரம். இரண்டும் அச்சாகியிருந்து, இடைவெளி ஒரு மணிக்குள் இருந்தால், மற்ற எண்களையும் படிக்கலாம்.

இந்த முறை பஸ் ஏறும்போது டப்பா காலியாகவே இருக்கட்டும். அங்கே எடுக்கும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் டெக்னீசியனிடம் சொல்லிவிடுங்கள், முதல் சொட்டா கடைசிச் சொட்டா என்பதையும் சேர்த்து. கூச்சப்பட வேண்டாம், அவருக்கு அது அன்றைய ஏழாவது சாம்பிள்.